ஆறாவது கிழமை

இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை முடிந்து இது ஆறாவது கிழமை. எடை இறங்குகிறது, சந்தோஷம்தான். ஆனால் இப்படியொரு களைப்பு வருமென்று நான் நினைத்திருக்கவில்லை. தலை வாரும்போதே கை சோர்ந்து, சீப்பை மடியில் வைத்துவிட்டு இருந்துவிடுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் அக்காவோடு திருகோணமலை டச்சுபே கடற்கரையில் நடக்கப் போனேன். முன்பெல்லாம் கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயில் வரைக்கும் போவேன். நேற்று வாசலைத் தாண்டி மான்கள் மேயும் இடத்தோடு கால் நின்றுவிட்டது. "இருந்திட்டுப் போவம், அவசரமில்லை" என்றா அக்கா. அழுகை வந்துவிட்டது.

இந்தக் களைப்புக்குக் காரணம் இருக்கிறது. சாப்பாடு சில கரண்டிதான் போகிறது, உடம்போ காயத்தையும் ஆற்றவேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்கிறார்கள். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம் அளவுதான். அதனால் முதலில் மீனும் முட்டையும், சோறு பிறகு. தண்ணீர் 1.5 லீட்டராவது, மிடறு மிடறாக, சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்து. தண்ணீர் குறைந்த நாளில் தலைச்சுற்றும் சேர்ந்தே வருகிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. கல்சியம் மாத்திரைக்கும் அதற்கும் 2 மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்லவேண்டும்: வாந்தி நிற்காமல், கால் விறைத்து, நடை தள்ளாடினால் அது வெறும் களைப்பில்லை. தயமின் என்ற பி1 விற்றமின் குறைந்திருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

இன்றைக்கும் பின்னேரம் போகிறோம், மான்கள் நிற்கிற இடம் வரைக்கும்.