திங்கள், புதன், வெள்ளி

மே 4, திங்கள்
அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது காரில் மறுபடியும் அந்தக் கருகல் வாசனை. முன்னால் லாரி, பின்னால் பஸ். ஒவ்வொரு தடவை நகரும்போதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. கண்ணை மூடியபடியே அம்மா, "என்னமோ தீயுதும்மா" என்றாள். அக்னி நட்சத்திரம் இன்றுதான் ஆரம்பம். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மே 5
கார் கதவைத் திறந்ததும் உள்ளே கிளட்ச் ஆயில் பம்ப் உய்ங்கென்று ஓடியது. அது ஓடினால்தான் எனக்கு நிம்மதி.

மே 6, புதன்
போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது கிரீன் சர்க்கிளிலேயே குலுக்கல். நாலு மணி நேரம் படுத்திருந்துவிட்டு வருபவளைக் குலுக்கக் கூடாது. இரவு முழுக்க இதுவே நினைப்பு.

மே 8, வெள்ளி
தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாள். கொடுக்கவில்லை.

மே 9
மெக்கானிக்கிடம் போனேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பாலத்துல ஆக்சிலேட்டர்லயே வண்டிய நிறுத்தி வெக்கிறீங்களா?" என்றார். ஆமாம், அப்படித்தான் நிறுத்துகிறேன். பின்னால் உருண்டுவிடுமோ என்ற பயம். பிரேக்கை விட்டால் தானாக ஊர்கிறதே என்று நெரிசலில் அப்படியே ஊரவும் விடுவேன்.

ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் கிடையாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். 2014-இல் மாருதி செலிரியோ காரில் ஏஎம்டி என்ற இந்த வகை ஆட்டோமேட்டிக் வந்தபோதும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மிதிதான் இல்லை. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதை இன்ஜினோடு இணைக்கும் அதே கிளட்ச் பிளேட். என் இடது காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற கருவி கிளட்ச்சை அழுத்துகிறது, அதற்கு ஆயில் அழுத்தம் கொடுப்பதுதான் அந்த உய்ங் சத்தம். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரில் நிறுத்தினால் பிளேட் பாதி பிடித்து, பாதி வழுக்கி, சூடேறித் தேய்கிறது. ஊரவிட்டாலும் அதே தேய்மானம்தான். என் கணுக்காலில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல்தான் இந்த வண்டியை வாங்கினோம். 68,000 கிலோமீட்டர் அது எனக்காக மிதித்திருக்கிறது. அதைத் தேய்த்ததும் நான்தான். வருத்தமாக இருக்கிறது.

மே 11, திங்கள்
அவர் சொன்னபடியே ஓட்டினேன். சிக்னலில் கால் பிரேக்கில், நேரமானால் நியூட்ரல். பாலத்தில் முன் வண்டி பத்தடி போகும்வரை பொறுத்து, ஒரே மூச்சில் நகர்ந்தேன். மேட்டில் நின்றால் ஹேண்ட்பிரேக்; இழுவை கிடைத்த பிறகே விடுவிக்க வேண்டும். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். வாசனை குறைந்தது, குலுக்கல் குறையவில்லை.

மே 12
பேட்டரி வீக்கானால்? கியரில் நிற்கும்போது பேட்டரி இறங்கிவிட்டால் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாதாம், ஓரம் கட்டக்கூட முடியாதாம். இதற்குப் பார்க் கியர் கிடையாது. கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துத்தான் நிறுத்துகிறோம். புதன் காலை ஐந்தரைக்கு வாசலிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வேன்? ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். ஓடியது.

மே 13, புதன்
அம்மாவை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்கு. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். ஆக்சுவேட்டர் ஆயில் வேறு, கியர் ஆயில் வேறாம். இரண்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மே 14
பழைய பிளேட்டைக் காட்டினார். நீலம் பூத்து, ரிவெட் வரை தேய்ந்திருந்தது. புதியது மாட்டியாயிற்று. ஆனால் வண்டி தரவில்லை. புது பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று ஸ்கேனர் போட்டு கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் புதியதும் குலுக்குமாம். ஸ்கேனர்காரர் ஆற்காட்டில் இருக்கிறார். நாளைக்கு வருவாராம்.

மே 15, வெள்ளி
ஆட்டோவில் போனோம். பாலாற்றுப் பாலம் முடியும்வரை ஊசி போடும் கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஸ்கேனர்காரர் வரவில்லை.

மே 16
வந்தார். அரை மணி நேர வேலை. வண்டி தண்ணீரில் போவது போலப் போகிறது.

மே 18, திங்கள்
ஐந்து மணி. கதவைத் திறந்தேன், பம்ப் ஓடியது. அம்மா செருப்பைத் தேடுகிறாள். பாலத்தில் எப்படிப் போகிறது என்று வந்து எழுதுகிறேன்.