ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர்: நாளும் அளவும்

ஓசெல்டாமிவிர் ஃப்ளூ வைரஸைக் கொல்வதில்லை. உயிரணுவுக்குள் பெருகிய வைரஸ் கழன்று வெளியேற நியூராமினிடேஸ் என்ற நொதி வேண்டும். மருந்து அதை முடக்குகிறது. வைரஸ் பரவி முடித்த நான்காம் நாளில் தொடங்கினால் தடுக்க அதிகம் இருக்காது. அதனால்தான் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் என்கிறார்கள். அப்போதும் நோய் நீடிக்கும் காலம் ஏறத்தாழ ஒரு நாள்தான் குறையும். திடகாத்திரமான இளவயதினர் பலருக்கு ஓய்வும் பாராசிட்டமாலுமே போதும்.

கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். விரைவுப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் ஃப்ளூ இல்லை என்று ஆகிவிடாது. 48 மணி நேரம் தாண்டியிருந்தாலும் இவர்களுக்கு மருந்து உண்டு.

பெரியவர்களுக்கு 75 மி.கி., காலையும் இரவும், 5 நாள். வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்து, மற்றவருக்கு வராமல் தடுக்க என்றால் அதே 75 மி.கி. தினம் ஒரு வேளை, 7 முதல் 10 நாள். தவறு நடப்பது இங்கேதான். தடுப்புக்குச் சாப்பிடும்போதே காய்ச்சல் வந்துவிட்டால் ஒரு வேளையிலேயே நிற்கக் கூடாது. பாதி மருந்தில் பெருகும் வைரஸ் எதிர்ப்புத்திறன் பெற வாய்ப்பு அதிகம். உடனே டாக்டரிடம் சொல்லி இரண்டு வேளையாக்க வேண்டும்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு எடைதான் கணக்கு. ஒரு வேளைக்கு: 15 கிலோ வரை 30 மி.கி., 23 வரை 45, 40 வரை 60, அதற்கு மேல் 75. சிரப் வாங்கினால் பாட்டிலைப் படியுங்கள். மி.லி.க்கு 6 மி.கி. உள்ளதும் உண்டு, 12 உள்ளதும் உண்டு. 20 கிலோ குழந்தைக்கு முதலாவதில் 7.5 மி.லி., இரண்டாவதில் 3.75 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள், ஸ்பூன் வேண்டாம்.

குமட்டலும் வாந்தியும்தான் அதிகம் வரும் தொல்லை. சாப்பாட்டோடு கொடுத்தால் குறையும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை டாக்டரிடம் கொண்டுபோங்கள். மூச்சோடு உள்ளிழுக்கும் இன்னொரு ஃப்ளூ மருந்தான ஜனாமிவிர் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, மூச்சுக்குழாய் இறுகிவிடலாம்.

ஃப்ளூ தடுப்பூசியை இந்த மாத்திரையோடு போட்டுக்கொள்ளலாம். மூக்கில் தெளிக்கும் தடுப்புமருந்து வேறு: அதிலிருப்பது உயிருள்ள வைரஸ். கடைசி மாத்திரை முடிந்து 48 மணி நேரமாவது போன பிறகே அதைப் போடலாம்.