கேலக்டோமன்னன் நெகட்டிவ் என்றேன், போச்சு

டிஎம் நெப்ராலஜி (சிறுநீரக மருத்துவ மேற்படிப்பு) ரிசல்ட் போன வாரம் வந்தது. இரண்டாவது முயற்சியில் பாஸ். முதல் முறை தியரி நன்றாகவே போனது, லாங் கேஸில்தான் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்து எக்ஸாமினரிடம் விளக்குவது) கவிழ்ந்தேன்.

கிட்னி மாற்றி நான்கு மாதம் ஆனவர். சர்க்கரை நோய் உண்டு, ரிஜெக்‌ஷனுக்கு ஏடிஜி (எதிர்ப்புச் செல்களை அடக்கும் மருந்து) போட்டிருந்தார்கள். விடாத இருமல், லேசான காய்ச்சல், சிடியில் நுரையீரலில் ஒரு நாட்யூல் (சிறு கட்டி). "சீரம் கேலக்டோமன்னன் நெகட்டிவ் சார், ஆஸ்பர்ஜில்லஸ் இல்லை, டிபிதான்" என்றேன். (கேலக்டோமன்னன் என்பது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் சுவரிலுள்ள பொருள், ஒரு ஆன்டிஜன்; அதை ரத்தத்தில் தேடும் டெஸ்ட் இது.) எக்ஸாமினர் "அப்படியா?" என்றார். அவ்வளவுதான். அந்த அப்படியாவுக்கு எனக்கு ஒரு வருஷம் செலவானது.

நான் படித்ததெல்லாம் ரத்தப் புற்றுநோய் வார்டுக்கான எண்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளணு குறைந்தவர்களிடம் அந்த டெஸ்ட் நன்றாகவே பிடிக்கும். நம் நோயாளிக்கு நியூட்ரோபில் இருக்கிறது, அது ஆன்டிஜனைத் துடைத்துவிடும். 2006-இல் வந்த மெட்டா அனாலிசிஸில் உறுப்பு மாற்றியவர்களிடம் சென்சிடிவிட்டி (நோய் இருப்பவர்களைப் பிடிக்கும் விகிதம்) வெறும் 22 சதவீதம். சந்தேகம் இருந்தால் பிராங்கோஸ்கோப்பி செய்து பிஏஎல் திரவத்தில் (நுரையீரலைக் கழுவி எடுப்பது) அதே டெஸ்டைப் பாருங்கள். ஹேலோ சைனுக்காகவும் (சிடியில் நாட்யூலைச் சுற்றித் தெரியும் மங்கல் வளையம்) காத்திருக்காதீர்கள், நம் ஆட்களிடம் அது பல நேரம் தெரியாது.

ஃபங்கஸ் கேள்விகளுக்கு மற்றவை:

- கிட்னி மாற்றி எத்தனை மாதம் என்ற கணக்கை முதல் வரியிலேயே சொல்லுங்கள். முதல் மாதம் கேண்டிடா, ஆறு மாதத்துக்குள் ஆஸ்பர்ஜில்லஸ், பிசிபி (ஒரு பூஞ்சை நிமோனியா), அதற்கப்புறம் கிரிப்டோகாக்கஸ். ரிஜெக்‌ஷனுக்கு மருந்து கொடுத்திருந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.
- நாள்பட்ட தலைவலி, கழுத்து இறுக்கம் இல்லை: அப்போதும் கிரிப்டோகாக்கஸை நினைத்து எல்பி (முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பது). ஓபனிங் பிரஷர் (அந்த நீரின் அழுத்தம்) அளக்காமல் ஊசியை எடுக்காதீர்கள்.
- ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத செல்லுலைடிஸ் (தோல் தொற்று) என்றால் பயாப்சி.
- பீட்டா டி குளுக்கான் (ஃபங்கஸுக்கான இன்னொரு ரத்த டெஸ்ட்) மியூக்கரை (கரும்பூஞ்சை) காட்டாது. சிடியில் ரிவர்ஸ் ஹேலோ (நடுவில் மங்கல், சுற்றி அடர்ந்த வளையம்) இருந்தால் மியூக்கரை நினையுங்கள்.
- வோரிகொனசோல் (ஃபங்கஸ் மருந்து) தொடங்கும் அன்றே டாக்ரோலிமஸ் (ரிஜெக்‌ஷனைத் தடுக்கும் மருந்து) டோஸை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். நிறுத்தும்போது திரும்ப ஏற்ற வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. அதற்குப் பதில் மைக்ரோபயாலஜி லேபில் மதியங்களில் உட்கார்ந்து ஃபங்கஸைக் காட்டும் கேஓஎச் ஸ்லைடு பார்த்தேன். தடுப்புகளோடு கூர்ங்கோணத்தில் கிளைப்பது ஆஸ்பர்ஜில்லஸ், அகலமாக ரிப்பன் போல மடிந்து கிடப்பது மியூக்கர். கண்ணால் பார்த்தது மறக்கவில்லை. பதற்றத்தில் வாய் முந்திக்கொள்ளும் ஆள் நான், அதனால் "நெகட்டிவ்" என்று சொல்லுமுன் மூன்று எண்ணிப் பழகினேன். நிதானமானவர்களுக்கு இது தேவைப்படாது.

இந்த முறை லாங் கேஸ் லூபஸ். ஃபங்கஸ் வைவாவில் ஒரே கேள்விதான், வோரிகொனசோலும் டாக்ரோலிமஸும். "மூன்றில் ஒரு பங்கு" என்று முந்திக்கொண்டேன். "நான் கேட்டு முடிக்கட்டும் டாக்டர்" என்றார்.