காதுக்கு எவ்வளவு, கழுத்துக்கு எவ்வளவு?

அக்கா மகன் தை மாதத்தில் ஊருக்கு வந்தபோது கழுத்தில் ஒரு ஹெட்ஃபோன் தொங்கியது. விலையை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று கண்ணால் ஜாடை காட்டினேன். ஆடுதுறையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள்ளேயே அவன் ஆட்டோக்காரரிடம் உட்பட எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தான். 29,990 ரூபாய்.

அம்மா கொஞ்ச நேரம் அவன் காதையே பார்த்தாள்.

"காதுக்குன்னு இவ்வளவு செலவு பண்றவன் ஒரு தோடா எடுத்திருக்கலாமேடா. வரப்போறவளுக்கு ஆச்சு."

"அம்மாச்சி, இதுல நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கு. வெளி இரைச்சலை அமுக்கிடும்."

"இருந்துட்டுப் போவுது. அவசரம்னு சொசைட்டியில வச்சா எவ்வளவு குடுப்பான்?"

அம்மாவைத் தப்பு சொல்ல முடியாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் எங்கள் பக்கத்து நகைகள் குறுவைக்காகக் கூட்டுறவு சங்கத்துக்குப் போகும். சம்பா அறுத்துக் காசு வந்தால் கழுத்துக்குத் திரும்பும். அடுத்த தண்ணீருக்கு மறுபடி கிளம்பும். பீரோவில் இருப்பதைவிட லாக்கரில் இருந்த நாள்தான் அதிகம். அடகு வைக்க முடியாத ஒரு சாமானுக்கு முப்பதாயிரம் கொடுப்பதை அம்மா செலவுக் கணக்கில்கூட எழுத மாட்டாள். காணாமல் போன கணக்கு அது.

ஹெட்ஃபோன் இப்படி நகையோடு போட்டி போடும் என்று அதைச் செய்த மனிதர் நினைத்திருக்க மாட்டார். 1910-ல் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையால் செய்து கடற்படைக்கு அனுப்பிய சாமான் அது. கப்பலில் சிக்னல் கேட்கிறவன் பார்க்க எடுப்பாக இருக்கிறானா என்று யார் கவலைப்பட்டார்கள்? டாக்டர் ட்ரே என்ற ராப் கலைஞரும் ஜிம்மி அயோவின் என்ற இசைத் தயாரிப்பாளரும் பீட்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, 2008-ல் முதல் ஹெட்ஃபோனை இறக்கினார்கள். சாமான் காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது ஏறக்குறைய அப்போதுதான். 2014-ல் அந்தக் கம்பெனியை ஆப்பிள் வாங்கிய விலை 300 கோடி டாலர். பிறகு 2020 டிசம்பரில் ஆப்பிள் தன் பெயரிலேயே ஏர்பாட்ஸ் மேக்ஸ் கொண்டுவந்தபோது இந்தியாவில் அதன் விலை 59,900 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் தான் சிக்கனக்காரன் என்பது பையனின் வாதம்.

பஞ்சாயத்துக்குச் சித்தப்பா வந்தார். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் பல காலம் மைக் செட் கட்டியவர். அவர் ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் மாட்டவே இல்லை. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். அது அவர்கள் தொழில் பழக்கம். மேக்னெட் கனத்தைக் கையால் பார்த்தே ஸ்பீக்கரின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்கள்.

"கனம் பத்தலையே. எத்தனை ஓம்ஸ்?"

"தெரியல தாத்தா. ஆனா ஆப் இருக்கு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தென்னைமரத்தைப் பார்த்தேன்.

அட்டைப்பெட்டியில் தங்க நிறத்தில் 'ஹை-ரெஸ்' என்று ஒரு முத்திரை இருந்தது. 40,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40,000 அதிர்வு வரை ஒலி எழுப்பும் கருவிகளுக்குத்தான் அந்த முத்திரை. மனிதக் காது நல்ல வயசில், நல்ல நிலையில் இருந்தாலே 20,000 வரைக்கும்தான் கேட்கும். வயது ஏற ஏற உச்சியிலிருந்து உதிர்ந்துகொண்டே வரும். மிச்ச இருபதாயிரம் யாருக்கு என்று யோசித்தால், எங்கள் சிவன் கோயில் கோபுரத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்கள் மட்டும்தான் வாடிக்கையாளர்கள். அவற்றுக்குச் சம்பளம் கிடையாது.

"சும்மா பேசிக்கிட்டு இருந்தா ஆச்சா? கண்ணைக் கட்டிப் பார்த்துருவோம்" என்றார் சித்தப்பா.

போட்டிக்கு என்னுடைய ஒயர் வைத்த ஹெட்ஃபோன் வந்தது. 1,800 ரூபாய், இதுவும் காதை மூடுகிற பெரிய சைஸ்தான். பையனின் போனில் ஒயர் சொருக ஓட்டையே இல்லை. அவ்வளவு உசத்தியான போன். சித்தப்பாவின் பழைய போனில் ஓட்டையும் இருந்தது, ப்ளூடூத்தும் இருந்தது. அதில் நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி போட்டார்கள்.

ஆரம்பிக்கும் முன் சித்தப்பா இரண்டையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்து, சத்தம் சரிக்குச் சமமாக வரும்வரை திருகிக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"கொஞ்சம் சவுண்டு கூட இருந்தா போதும், ஜனங்களுக்கு அதுதான் நல்ல செட்டு. எதிர்ப் பந்தல்காரனை எத்தனை தடவை இப்படிக் கவுத்திருக்கோம் தெரியுமா?"

இது சாதாரண விஷயம் இல்லை. ஒலிக் கருவிகளை ஒப்பிடுகிற ஆராய்ச்சிக் கூடங்களிலும் முதல் வேலை சத்த அளவைச் சமன் செய்வதுதான். கூடுதல் சத்தத்தைக் கூடுதல் தரம் என்று காது எடுத்துக்கொள்ளும். ஷோரூமில் காதில் மாட்டியதும் 'ஆகா' என்று தோன்றுவதில் பாதி இந்த வித்தையாக இருக்கும் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

பையனுக்குத் துண்டால் கண்ணைக் கட்டினோம். முதல் ஹெட்ஃபோனை மாட்டியதுமே, பாட்டு ஓடும் முன்பே, "இது என்னுது" என்று சிரித்தான். குஷன் மெத்தென்று இருக்கிறதாம். கண்ணைக் கட்டினால் காது மடல் காட்டிக்கொடுக்கிறது. தேர்வு ரத்து.

இரண்டையுமே போட்டுப் பழகாத ஆள் வேண்டும் என்று அம்மாவை உட்கார வைத்தோம். அப்போது பார்த்துத் திண்ணையில் எங்கள் அத்தை, அதாவது அம்மாவின் நாத்தனார், ஒரு நிலத் தகராறை முப்பாட்டன் காலத்திலிருந்து விவரித்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டையும் பொறுமையாகக் கேட்டாள். பையனுடையதைத் தொட்டுக் காட்டி, "இதுதான்டா நல்லாருக்கு" என்றாள்.

பையன் குதித்தான். "பாத்தீங்களா! எதனால அம்மாச்சி? பேஸா? கிளாரிட்டியா?"

ஹெட்ஃபோன் மாட்டியவர்களுக்குத் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது தெரியாது. ரகசியம் சொல்வதாக நினைத்து அம்மா தெருமுனைவரை கேட்கும்படி சொன்னாள்:

"இதுல உங்க அத்தையம்மா பேசுறது கேக்கலடா!"

அத்தை அன்று எங்கள் வீட்டில் காபி குடிக்காமல் போனார்.

சித்தப்பாவின் தீர்ப்பு வேறு. "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. கூம்புக் குழாய்க்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்குன காது இது, என்னைக் கேட்டு என்ன செய்ய?" அவர் காதை விட்டுவிடுவோம். 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி ஒலிகளை ஒரு ஹெட்ஃபோன் எந்த விகிதத்தில் தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு எதுவும் அகப்படவில்லை. பையனிடம் சொன்னேன். "அவங்க என்னோட மாடலை டெஸ்ட் பண்ணிருக்க மாட்டாங்க மாமா" என்றான். அது 2017-க்குப் பிறகு வந்த மாடல், எனவே அந்த வாதத்தில் அவன்தான் ஜெயித்தான்.

பையனுக்கும் தோடியில் ஒரு மனக்குறை இருந்தது. அவன் ஹெட்ஃபோனில் பழைய இசைத்தட்டின் கீறல் சத்தம் ஒவ்வொன்றும் துல்லியமாக, இடது வலது பிசகாமல் கேட்டதாம். என்னுடையதில் அது அவ்வளவு தெரியவில்லை, நாயனம்தான் தெரிந்தது. பதிவில் இல்லாததை எந்த ஹெட்ஃபோனாலும் கொண்டுவர முடியாது. இருப்பதை வேண்டுமானால் வஞ்சனையில்லாமல் காட்டும், கீறல் உட்பட.

இந்த இடத்தில் அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். மறுநாள் கொல்லைக்குப் பின்னால் வயலில் பெல்ட் மிஷின் இறங்கியது. சம்பா அறுப்பு. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ளவேண்டும். பையன் என் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி ஒரு பட்டனை அழுத்தினான். மிஷின் எங்கோ மாயவரத்துக்குப் போய்விட்டது! கண்ணெதிரே ஓடுகிறது, புகை விடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. உண்மையிலேயே மிரண்டுபோனேன்.

அமர் போஸ் என்பவர் 1978-ல் விமானத்தில் போகும்போது, கொடுத்த ஹெட்ஃபோனில் இன்ஜின் இரைச்சலைத் தவிர எதுவும் சரியாகக் கேட்காமல், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்த விஷயம்தான் இந்த நாய்ஸ் கேன்சலேஷன். அவருடைய அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர். 1989-ல் அவர் கம்பெனியிலிருந்து விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது. வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஒரு குட்டி மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். இன்ஜின், மோட்டார், ஏசி மாதிரி ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஓடும் கனத்த சத்தம் என்றால் இந்த வித்தை அபாரமாகப் பலிக்கும். குக்கர் விசில், மயில் அகவல், தவில், அத்தை இவை சீராக வருவதில்லை, மேல் ஸ்தாயியிலும் வரும். அங்கே வித்தை பாதிதான் பலிக்கும். மிச்சத்தைக் குஷனும் ஓடுகிற பாட்டும் மூடவேண்டும்.

அந்த வாரத்திலேயே அது எங்களைப் பழிவாங்கியது. பிபிடி ரக நெல்லை ரோட்டில் காயப் போட்டிருந்தோம். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள் என்பதால், இரண்டு வெயில் கண்டால் போதும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே கருத்தது. நான், அம்மா, சித்தப்பா, எதிர் வீட்டுக்காரர் எல்லோரும் ரோட்டில் ஓடி ஓடிக் கூட்டித் தள்ளுகிறோம். படுதா திண்ணையில் இருக்கிறது. படுதாவுக்குப் பக்கத்திலேயே பையன் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறான். முகத்தில் அப்படியொரு சாந்தி.

"டேய், படுதாவ எடுத்துட்டு வாடா!"

தலையை ஆட்டினான். எங்களுக்கு இல்லை, அவன் மேனேஜருக்கு.

சித்தப்பா கத்தினார். மைக் இல்லாமலே நாலு தெரு கேட்கும் குரல். அவன் காதுக்கு மட்டும் போகவில்லை. அதே ஹெட்ஃபோனில் பேசுவதற்கும் ஒரு மைக் இருக்கிறதல்லவா, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. எங்கள் கூச்சல் அவன் காதுக்கு வராமல் நேராகச் சென்னைக்குப் போனது. மீட்டிங்கில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் மேனேஜரை நிறுத்தி, "உங்க வீட்டுல கூப்பிடுறாங்க போலருக்கே. நெல்லு நனையுதாம், படுதா கேக்குறாங்க" என்று சொன்ன பிறகுதான் பையன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான்.

ஓரத்தில் இருந்த ரெண்டு மூட்டை அளவு நெல் நனைந்தது. "நாமெல்லாம் வயசாயித்தான் காது கேக்காம போனோம், இவன் முப்பதாயிரம் குடுத்து இப்பவே வாங்கிட்டு வந்திருக்கான்" என்று சித்தப்பா அதை ஊர் முழுக்கச் சொன்னார். வெளிச்சத்தம் உள்ளே கேட்கிற மாதிரி மாற்றிக்கொள்ள ஒரு பட்டன் இருக்கிறதாம். அது எது என்பது இப்போது எங்கள் வீட்டில் அம்மா வரைக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால், என் 1,800 ரூபாய் சாமான் பாட்டுக்குப் போதும். கொஞ்சம் நல்லதாக வேண்டும் என்றால் நாலைந்தாயிரத்துக்குள் காதின் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் கொடுப்பது இரைச்சலை அமுக்க. கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி ராத்திரி முழுக்கச் சக்கரத்தோடு பயணம் செய்கிறவருக்கு, தினமும் பஸ் இன்ஜின் பக்கத்தில் உட்கார்கிறவருக்கு அது நியாயமான செலவு. அதையும் தாண்டிக் கொடுக்கிற காசு கழுத்துக்கு. கழுத்துக்குச் செலவு செய்யக்கூடாது என்று சொல்ல நான் யார், தை மாதத்தில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் அதுதானே நடக்கிறது? ஆனால் தங்கம் உரியாது. இந்தக் குஷனின் ரெக்சின் எங்கள் ஊர்ப் புழுக்கத்திலும் வேர்வையிலும் ரெண்டு மூணு வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து காதோரம் கருப்பாக ஒட்டும். பேட்டரி தேயும். இன்னொன்றும் உண்டு: ப்ளூடூத்தில் பேசுவதற்கு மைக்கைத் திறந்ததுமே கேட்கிற ஒலியின் தரம் படக்கென்று இறங்கிவிடும். அதனால் ஆபீஸ் மீட்டிங்குக்காக விலை கூடியதை வாங்குகிறேன் என்பவர்களுக்கு என் அனுதாபம். மேனேஜர் குரல் எந்த விலையிலும் அப்படியேதான் இருக்கும்.

பையன் கிளம்பும் நாளில் சித்தப்பா அவனைத் தனியாக அழைத்துப்போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். திட்டுகிறார் போல என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"இதுல ஒரு பத்து பீஸ் மொத்தமா எடுத்தா கொறைச்சுத் தருவானா?"

"எதுக்குத் தாத்தா?"

"மண்டபத்துல நம்ம பாக்ஸுக்கு முன்னாடி உக்கார்றவன்லாம் காதைப் பொத்திக்கிட்டுத் திட்டுறான்ல. ஒரு வேளைக்கு அம்பது ரூபா வாடகைன்னு விட்டுருவோம்."