ஆறு மணி என்றால் ஆறு மணி

வடசென்னையில் மனநல வார்டு ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

காசிமேட்டுப் பெண், 22 வயது. கையில் தானே ஏற்படுத்திக்கொண்ட காயம். கேஸ் ஷீட்டில் பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் என்றிருந்தது; உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் அலைபாயும் மனநோய் அது. முதல் நாளே, "அக்கா, நீங்க மட்டும்தான் என்னைப் புரிஞ்சுக்கறீங்க" என்றாள். மனசு குளிர்ந்துபோனது. மூன்றாம் நாள் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, புது அட்மிஷன் வந்ததால் ஏழரைக்குத்தான் போனேன். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "நீங்களும் அப்படித்தான்." அன்று ராத்திரி ஆறிவந்த காயத்தைக் கிளறிவிட்டாள்.

வார்டும் இரண்டாகப் பிரிந்தது. பாவம் என்று கேட்டபோதெல்லாம் போன் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், "நடிக்கிறா" என்றவர்கள் இன்னொரு பக்கம். அந்த வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற தாளமுடியாத பயம் இந்த நோயின் முக்கியமான அறிகுறி. எனக்கு ஒன்றரை மணி நேரத் தாமதம், அவளுக்கு அது கைவிட்டுப் போனதுபோல.

அப்புறம் டாக்டரோடு மூன்று ஷிஃப்ட்காரர்களும் உட்கார்ந்து, போன் எப்போது, பேச்சு எப்போது என்று அவளையும் வைத்துக்கொண்டே முடிவு செய்தோம். யார் டியூட்டியில் இருந்தாலும் ஒரே பதில். காயத்துக்கு டிரஸ்ஸிங் செய்யும்போது திட்டும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. நின்று பேசும் நேரத்தை, அவள் தானாக வந்து "மனசு சரியில்லை" என்று சொல்லும் பொழுதுக்கு வைத்துக்கொண்டோம். இந்த நோய்க்கென்று தனி மாத்திரை இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) மாதிரியான பேச்சு சிகிச்சைதான் முக்கியம். இளவயதில் தானும் இப்படி மருத்துவமனையில் கிடந்ததை லினஹன் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சிகிச்சையில் வரும் ஒரு வழி, உணர்ச்சி வேகம் ஏறும்போது முகத்தில் குளிர்ச்சி படவைப்பது. இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும். ஐஸ் துண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கன்னத்தில் வைத்துக்கொண்டு, "எங்கப்பா ஹார்பர்ல ஐஸ் உடைக்கிறவரு, அவர் கை இப்படித்தான் சில்லுனு இருக்கும்" என்றாள். அப்பாவைப் பற்றி அதுவரை பேசியதே இல்லை.

வீட்டுக்குப் போனதும் கூப்பிட வேண்டியிருந்தால் என்று அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுத்தேன். என் லீவை முந்தின நாளே சொல்லிவிடுவேன். ஒரு லீவு முடிந்து வந்தபோது சொன்னாள்: "நேத்து ரொம்பக் கோவம் வந்துச்சுக்கா. நைட் சிஸ்டர்கிட்ட போய்ச் சொன்னேன்."