13, 14, 15: ஒரே முக்கோணத்தில் நான்கு மையங்கள்

தேர்வில் முக்கோணத்தின் மையங்களை வரையும்போது குத்துக்கோட்டையும் மையக் குத்துக்கோட்டையும் மாற்றிப் போட்டுவிட்டால், படம் எத்தனை சுத்தமாக இருந்தாலும் மதிப்பெண் போனதுதான். குத்துக்கோடு உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும்; பக்கத்தின் நடுவில் விழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மையக் குத்துக்கோடு நடுப்புள்ளியில் செங்குத்தாக நிற்கும். உச்சி வழியே போகத் தேவையில்லை. உச்சியையும் நடுப்புள்ளியையும் இணைப்பது நடுக்கோடு, அதற்குச் செங்கோணம் வேண்டாம்.

இருசமபக்க முக்கோணத்தில் வரைந்து பழகுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. சமபக்கங்கள் சேரும் உச்சியில் எல்லாமே ஒரே கோடாகப் படிந்துவிடும். ஏபி = 14, பிசி = 15, சிஏ = 13 செ.மீ என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏ (0, 0), பி (14, 0), சி (5, 12) என்று வைத்தால் கணக்கும் சுலபம்: பரப்பு 84, அரைச்சுற்றளவு 21, உள்வட்ட ஆரம் 84/21 = 4.

குத்துக்கோடுகள் சந்திக்கும் செங்கோட்டு மையம் (5, 3.75), நடுக்கோடுகள் சந்திக்கும் நடுக்கோட்டு மையம் (19/3, 4), மையக் குத்துக்கோடுகள் சந்திக்கும் சுற்றுவட்ட மையம் (7, 4.125). மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நடுக்கோட்டு மையம் அதை 2 : 1 என்று பிரிக்கும். எக்ஸ் மதிப்புகளைக் கழித்துப் பாருங்கள்: 4/3, 2/3. இரண்டு மையங்கள் தெரிந்தால் மூன்றாவதைச் சரிபார்க்க இது போதும். கோணங்களைச் சரிபாதியாக வெட்டும் கோண இருசமவெட்டிகள் சந்திக்கும் உள்வட்ட மையம் (6, 4) அந்தக் கோட்டில் சேராது. ஆனால் நடுக்கோட்டு மையத்திலிருந்து வெறும் 3 மி.மீ சொச்சம்தான் தள்ளி இருக்கிறது. பென்சில் முனை மழுங்கியிருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மையக் குத்துக்கோட்டுக்குக் கவராயத்தைப் பக்கத்தின் பாதிக்கு மேல் விரிக்கவேண்டும். 14 செ.மீ பக்கத்துக்கு 7.2 வைத்தாலும் விற்கள் வெட்டும்தான்; ஆனால் வெட்டும் புள்ளிகள் மிக நெருங்கி வருவதால் அளவுகோல் துளி சாய்ந்தாலும் கோடு திரும்பிவிடும். 10 செ.மீ வையுங்கள். இரண்டு கோடுகளே சுற்றுவட்ட மையத்தைத் தந்துவிடும். மூன்றாவதையும் வரைந்து, நடுவில் குட்டி முக்கோணம் விழுந்தால் எங்கோ கை நழுவியிருக்கிறது.

உள்வட்டத்தில் வழக்கமான சறுக்கல் ஆரத்தில். சி-யின் கோண இருசமவெட்டி ஏபி-யை ஏ-யிலிருந்து 6.5-இல் வெட்டுகிறது, வட்டம் தொடுவதோ 6-இல். ஆகவே மையத்திலிருந்து பக்கத்துக்குத் தனியாக ஒரு செங்குத்து வரைந்தே ஆரம் எடுக்கவேண்டும். விரிகோண முக்கோணம் வந்தால் பக்கங்களை நீட்டிக்கொள்ளுங்கள். செங்கோட்டு மையமும் சுற்றுவட்ட மையமும் வெளியேதான் விழும். செங்கோண முக்கோணத்தில் செங்கோண உச்சியே செங்கோட்டு மையம், கர்ணத்தின் நடுப்புள்ளி சுற்றுவட்ட மையம், வரையவே வேண்டாம்.

உச்சிகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால், அவை பக்கங்களைப் பிரிக்கும் விகிதங்களின் பெருக்கல் 1; சந்திக்காவிட்டால் 1 வராது. இதுதான் சீவாஸ் தேற்றம். இதில் சூத்திரத்தை விடச் சுற்றும் திசைதான் முக்கியம். பிசி, சிஏ, ஏபி மீது முறையே டி, இ, எஃப் இருந்தால், பி-யிலிருந்து சி, சி-யிலிருந்து ஏ, ஏ-யிலிருந்து பி என்று ஒரே போக்கில் விகிதம் எடுக்கவேண்டும். நம் முக்கோணத்தின் கோண இருசமவெட்டிகளுக்கு பிடி/டிசி = 14/13, சிஇ/இஏ = 15/14, ஏஎஃப்/எஃப்பி = 13/15; பெருக்கினால் 1. நடு விகிதத்தை மட்டும் தலைகீழாக எழுதினால் 196/225 வரும். கோடுகள் கண்ணெதிரே சந்தித்துக்கொண்டிருக்க, "ஒரு புள்ளி வழிச் செல்லாது" என்று விடையெழுதுவது இப்படித்தான் நடக்கிறது.