செய்யூரில் நின்றுபோன நிலக்கரிக் கணக்கு

ஓமலூரில் பிரிந்து மேட்டூருக்கு வரும் நிலக்கரி ரேக் (சரக்கு ரயில்) ஒன்றில் பொதுவாக 58 பெட்டி, ஏறக்குறைய 3,800 டன். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழுச் சுமையில் ஓடினால் ஒரு நாளிலேயே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கரி கையாளும் பிரிவில் இருப்பவர்களுக்கு எந்த மின் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் ஓடுவது இந்தக் கணக்குத்தான். செங்கல்பட்டு மாவட்டச் செய்யூரில் வருவதாக இருந்து வராமலே போன 4,000 மெகாவாட் அல்ட்ரா மெகா (மிகப் பெரிய) அனல்மின் திட்டத்தையும் அப்படித்தான் பார்க்கிறோம்.

அது இறக்குமதிக் கரியை நம்பிய திட்டம். 85 சதவீதச் சுமை, கரியின் வெப்பத்திறன் கிலோவுக்கு 5,000 கிலோகலோரி என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 35,000 டன் வேண்டும். 70,000 டன் கப்பல் இரண்டு நாளுக்கு ஒன்று வந்தாக வேண்டும்.

வந்து இறங்கினால் போதாது. இந்தோனேசியக் கரியில் சாம்பல் குறைவு. ஈரமும் எளிதில் ஆவியாகும் பொருளும் அதிகம். குவியலுக்குள் காற்று புகுந்தால் தானாகவே சூடேறிப் புகையும். அடுக்கடுக்காகப் பரப்பி டோசரை ஓட்டி இறுக்க வேண்டும், காற்று அடிக்கும் சரிவைக் கட்டாயம் இறுக்க வேண்டும், முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். புகை கண்டால் மேலே தண்ணீர் பீய்ச்சுவதோடு விடக்கூடாது; சூடான இடத்தைத் தோண்டிப் பரப்பி ஆறவைத்து மறுபடி இறுக்க வேண்டும். கரியைப் பொடியாக்கும் மில்லிலும் அதே கவனம் தேவை. நம் நாட்டுக் கரிக்கு மில் வெளிவாயில் வெப்பம் 75 டிகிரியைத் தாண்டலாம். இந்தோனேசியக் கரிக்கு 60-ஐ ஒட்டியே வைப்போம். இல்லையென்றால் மில்லுக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

விலை ஏறினால் ஒடிசாவின் தால்ச்சர் கரிக்கு மாறிக்கொள்ளலாமே என்பார்கள். முடியாது. பாய்லரைக் கரியைப் பார்த்துத்தான் வடிவமைக்கிறார்கள். குறைந்த சாம்பலுக்குக் கட்டிய பாய்லரில் 35, 40 சதவீதச் சாம்பல் கரியைப் போட்டால் பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் எகானமைசர் குழாய்கள் அரித்து ஓட்டை விழும், மில்களின் திறன் போதாது, சாம்பல் பிடிக்கும் இஎஸ்பி திணறும், சாம்பல் குளமும் சீக்கிரம் நிரம்பும். கொஞ்சம் கலக்கலாம், அவ்வளவுதான். விலைச் சிக்கல் கடைசியில் பாய்லர் சிக்கலாகவே முடிகிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இந்தோனேசியா 2010-ல் ஏற்றுமதிக் கரியின் விலையைச் சந்தை விலையோடு பிணைத்தது. நிலைக் கட்டணத்துக்கு மின்சாரம் தர ஒப்புக்கொண்டிருந்த குஜராத்தின் முந்த்ரா அல்ட்ரா மெகா நிலையம் நட்டத்தில் சிக்கியது. ஆந்திரத்தில் இதே வகையான கிருஷ்ணபட்டினம் திட்டத்தின் வேலை 2011-ல் நின்றது. 2013-ல் வந்த புதிய ஏல விதிகள் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நிலையத்தையே ஒப்படைக்கச் சொல்லின. அப்படி ஒரு சொத்தை நம்பிக் கடன் திரட்டுவது கடினம் என்று தனியார் நிறுவனங்கள் விலக, 2015-ல் செய்யூர் ஏலம் ரத்தானது. முந்த்ரா வழக்கிலும் வெளிநாட்டு விலையேற்றத்தைக் காரணம் காட்டிக் கட்டணம் உயர்த்த முடியாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.